நானூறு மில்லிகிராம்

முதலில் ஒரு சோர்வு. பிறகு இடது விலாவுக்குக் கீழே கனமாக ஏதோ உட்கார்ந்திருப்பது போன்ற உணர்வு. நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடும். காரிமங்கலத்தில் இருக்கும் ஒருவர் இதை வெயில் என்றும் வேலை அலுப்பு என்றும் சில மாதங்கள் தள்ளிப்போடக்கூடும். கடைசியில் தர்மபுரிக்குப் போய் ரத்தம் கொடுத்தால், பதினோராயிரத்துக்குள் இருக்க வேண்டிய வெள்ளணு எண்ணிக்கை ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று வந்து நிற்கும். வயிற்றில் கனத்தது வீங்கிய மண்ணீரல். நோயின் பெயர் நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய். நோயாளிகளும் மருத்துவர்களும் மூன்று எழுத்தில் சிஎம்எல் என்பார்கள். மேலை நாடுகளில் இது பெரும்பாலும் அறுபதை ஒட்டி வரும் நோய். நம் நாட்டில் முப்பதுகளிலும் நாற்பதுகளிலுமே வந்துவிடுகிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும் வயது அது.

அங்கிருந்து வேலூர், பெங்களூரு, சென்னை என்று ஏதோ ஒரு பெரிய மருத்துவமனை. எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை, மரபணுப் பரிசோதனை. எல்லாம் முடிந்து ஊருக்குப் பஸ் ஏறும்போது கைப்பையில் இருப்பது ஒரு மாத்திரை அட்டை. இமாட்டினிப், 400 மில்லிகிராம். தினம் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு.

எத்தனை நாளைக்கு என்று கேட்காத நோயாளி இருக்க மாட்டார். நிறுத்தச் சொல்லும்வரை என்றுதான் மருத்துவர் சொல்வார். பலருக்கு அதற்குப் பொருள் ஆயுள் முழுக்க. காய்ச்சல் மாத்திரை ஐந்து நாள், காசநோய்க்கு ஆறு மாதம் என்று பழகியவர்களுக்கு இது புரிவது கடினம். மூன்றே மாதத்தில் வெள்ளணு எண்ணிக்கை சரியாகி, மண்ணீரல் சுருங்கி, பழையபடி தோட்டத்து வேலைக்குப் போகிற ஒருவர் ஏன் இன்னும் மாத்திரை விழுங்க வேண்டும்? இந்த மாத்திரை பிறந்த ஆய்வகமும், அதன் விலைக்காகச் சென்னையில் நடந்த வழக்கும், அதற்கு இன்னும் அடங்காமல் எலும்புக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சில செல்களும் இந்த ஒரு கேள்வியில்தான் வந்து சேர்கின்றன.

கதையின் முதல் முனை 1960இல் இருக்கிறது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர் இந்த நோயாளிகளின் வெள்ளணுக்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஒரு குரோமோசோம் மட்டும் வழக்கத்தைவிடக் குட்டையாக இருந்தது. ஊர்ப் பெயரையே அதற்கு வைத்தார்கள்: பிலடெல்பியா குரோமோசோம். ஒரு புற்றுநோயோடு ஒரு குறிப்பிட்ட குரோமோசோம் குறை எப்போதும் சேர்ந்தே காணப்படுவது அதுவே முதல் முறை. குறைந்துபோன துண்டு எங்கே என்பதை 1973இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி கண்டுபிடித்தார். நான்கு பிள்ளைகளின் தாய். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் குரோமோசோம் புகைப்படங்களைக் கத்தரித்து ஜோடி சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு விடை கிடைத்தது. 22ஆம் குரோமோசோமில் அறுந்த துண்டு 9ஆம் குரோமோசோமில் ஒட்டியிருக்கிறது, அதிலிருந்து அறுந்தது இங்கே வந்திருக்கிறது. இரண்டும் இடம் மாற்றிக்கொண்டிருக்கின்றன.

அந்த ஒட்டு விழுந்த இடத்தில் இரண்டு மரபணுக்கள் இணைந்து, உடம்பில் இயல்பாக இல்லாத ஒரு புரதத்தை உண்டாக்குகின்றன என்பது 1980களில் தெளிவானது. பெயர் பிசிஆர்-ஏபிஎல். இதில் ஏபிஎல் பகுதி கைனேஸ் என்ற வகை நொதி. செல்லின் எரிபொருளான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து மற்றப் புரதங்களின் மேல் வைத்து, பெருகு என்ற கட்டளையை அனுப்புவது அதன் வேலை. ஆரோக்கியமான செல்லில் இந்தக் கட்டளை தேவைப்படும்போது மட்டும் வரும். ஒட்டுப் புரதமோ ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். இந்த ஒரு மரபணுவை எலியின் மஜ்ஜைக்குள் செலுத்தினாலே அதே நோய் வருவதை 1990இல் டேவிட் பால்டிமோரின் குழு காட்டியது. ஒரு புரதத்தை அடக்கினால் ஒரு புற்றுநோயையே அடக்கிவிடலாம் என்ற துணிச்சல் அங்கே பிறந்தது.

அந்தத் துணிச்சலுக்கு உருவம் கொடுத்த இடம் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரம், சீபா-கைகி நிறுவனம். அலெக்ஸ் மேட்டர், நிக் லைடன் ஆகியோரின் குழுவில் யூர்க் சிம்மர்மன் வேதியியலாளர், எலிசபெத் புக்டுங்கர் உயிரியலாளர். அவர்கள் கையில் முதலில் இருந்தது வேறொரு கைனேஸைத் தடுப்பதற்காகத் தேடியெடுத்த சாதாரணமான ஒரு சேர்மம். அதோடு ஒரு பிரிடின் வளையத்தைச் சேர்த்தார்கள், செல்லுக்குள் அதன் வேலை கூடியது. ஓர் அமைடு தொகுதியைச் சேர்த்தார்கள், ஏபிஎல் வகை நொதிகளின் பக்கம் திரும்பியது. பிறகு ஒரேயொரு மெத்தில். ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். அது ஒட்டியதும், முதலில் எந்த நொதிக்காகத் தேடினார்களோ அதன் மீதான பிடி போய்விட்டது, வேண்டிய இலக்கின் மீதான பிடி மட்டும் நின்றது. இத்தனைக்கும் பிறகு அது தண்ணீரில் கரையவில்லை. கரையாதது குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகாது. கடைசியாக பைபரசின் வளையம் ஒன்றைத் தொங்கவிட்டபோது கரைந்தது, வாய்வழி விழுங்கும் மருந்தாவதற்குத் தகுதி பெற்றது.

இப்படிப் புரதத்தின் குழிவுக்குள் போய்ப் பற்றிக்கொள்ளும் சிறிய மூலக்கூறை லிகண்ட் என்கிறார்கள். பல்லாயிரம் அணுக்கள் கொண்ட பெரிய புரதத்தை எழுபதுக்கும் குறைவான அணுக்கள் கொண்ட ஒரு பொருள் பணியவைக்கிறது. எப்படிப் பற்றுகிறது என்பதைப் படிகத்தில் கண்டு சொன்னவர் ஜான் குரியன். இந்தியாவில் பிறந்தவர், 1977 முதல் 1979 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் அவருடைய குழு 2000இல் வெளியிட்ட படம் ஒரு புதிரை அவிழ்த்தது. கைனேஸ்கள் மனித உடம்பில் ஐந்நூறுக்கும் மேல் இருக்கின்றன. எல்லாமே ஏடிபியைப் பிடிப்பதால் எல்லாவற்றின் குழிவும் ஏறக்குறைய ஒரே வடிவம். அப்படியிருக்க இந்த மூலக்கூறு எப்படிப் பெரும்பாலானவற்றை விட்டுவிட்டு ஏபிஎல்லைப் பிடிக்கிறது? வேலை செய்யும் நிலையில் கைனேஸ்கள் ஒன்றுபோல் இருந்தாலும், ஓய்ந்திருக்கும் நிலையில் ஒவ்வொன்றும் வேறு மாதிரி மடங்கும். இமாட்டினிப் பற்றுவது ஏபிஎல் அப்படி ஓய்ந்து மடங்கும் நிலையை. அந்த நிலையிலேயே அதைப் பிடித்து நிறுத்திவிடுகிறது.

முழுத் தூய்மையான தேர்வு என்று சொல்ல முடியாது. கிட் என்ற இன்னொரு கைனேஸையும் இது பிடிக்கும். தோலின் நிறமிச் செல்களுக்கு கிட் வேண்டும். அதனால்தான் நம் ஊர் நோயாளிகள் சிலருக்கு மாத்திரை தொடங்கிய சில மாதங்களில் முகமும் கையும் வெளுக்கின்றன. சிவந்துவிட்டாயே என்று உறவினர்கள் வியப்பார்கள். கண்ணுக்குக் கீழே காலையில் வீக்கம், இரவில் கெண்டைக்கால் பிடிப்பு, குமட்டல் இவையும் உண்டு. கருவுற்றிருக்கும்போது எடுக்கக் கூடாது. இளம் வயதில் நோய் வரும் நாட்டில் இது சின்னக் கட்டுப்பாடு இல்லை.

பாசெலில் பிறந்த பொருளை நோயாளியிடம் கொண்டுபோகப் பிடிவாதமாக நின்றவர் பிரையன் டிரூக்கர். அமெரிக்காவின் போர்ட்லண்டில் மருத்துவர். ஆய்வுத் தட்டில் நோயாளிகளின் செல்களோடு இதைச் சேர்த்துப் பார்த்தபோது, பிசிஆர்-ஏபிஎல் கொண்ட செல் கூட்டங்கள் 92 முதல் 98 விழுக்காடு குறைந்தன, இயல்பான செல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. 1996இல் இது வெளியானது. அதே ஆண்டில் சீபா-கைகியும் சாண்டோசும் இணைந்து நோவார்டிஸ் நிறுவனம் ஆயின. நாய்களுக்குக் கொடுத்தபோது கல்லீரல் பாதிப்பு தெரிந்தது, அரிய நோய்க்கான சந்தையோ சிறியது என்ற தயக்கத்தில் மருந்து சில காலம் அலமாரியில் கிடந்தது. 1998 ஜூனில் முதல் மனிதச் சோதனை தொடங்கியது. 300 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் எடுத்த 54 பேரில் 53 பேருக்கு ரத்த எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியது. 2001 மே 10ஆம் தேதி அமெரிக்க மருந்துத் துறை அனுமதி கொடுத்தது. அந்த மாதமே டைம் இதழின் அட்டையில் மாத்திரைகளின் படம் வந்தது.

அதற்கு முன்பு இந்த நோய்க்கு நம்மிடம் என்ன இருந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எண்ணிக்கையைக் குறைக்க புசல்ஃபான், ஹைட்ராக்ஸியூரியா. நோயை அவை தடுக்கவில்லை, சில ஆண்டுகளில் அது கடும் ரத்தப் புற்றுநோயாகப் பொங்கிவிடும். முழுக் குணம் என்று பேச முடிந்த ஒரே வழி வேறொருவரின் எலும்பு மஜ்ஜையை மாற்றி வைப்பது. வேலூர் சிஎம்சியில் அது 1986இல் தொடங்கியது. பொருந்தும் உடன்பிறப்பு வேண்டும், பணம் வேண்டும், சிகிச்சையையே தாங்கிப் பிழைக்க வேண்டும். தர்மபுரிப் பக்கத்தில் ஒரு சிறு விவசாயக் குடும்பத்துக்கு இந்த மூன்றும் சேர்ந்து அமைவது எளிதா? இமாட்டினிப் வந்த பிறகு, அதை வைத்துத் தொடங்கிய ஒரு பெரிய உலகச் சோதனையில் பத்தாண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் 83 விழுக்காடு. புற்றுநோயின் வரலாற்றில் இப்படி ஒரு திருப்பம் மிக அரிது.

ஆனால் இந்த வெற்றிக்கு அடியில் வேறொன்று இருந்தது, அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ரத்தத்தில் ஓடும் செல்கள் எல்லாம் ஆயுள் குறைந்தவை. அவற்றை ஓயாமல் உற்பத்தி செய்து அனுப்புபவை எலும்பு மஜ்ஜையில் இருக்கும் குருத்துச் செல்கள், எண்ணிக்கையில் மிகச் சில. ஒவ்வொன்றும் தன்னைப் போலவே இன்னொன்றையும் உண்டாக்கும், ரத்த அணுக்களாக மாறும் சந்ததியையும் உண்டாக்கும். புற்றுநோய்க்கும் இப்படி ஒரு குருத்து உண்டா என்ற கேள்விக்கு, 1994இல் டொராண்டோவில் ஜான் டிக் குழுவினர் கடும் ரத்தப் புற்றுநோயில் தெளிவான விடை கண்டார்கள். நோயாளியின் செல்களை வகை பிரித்து எலிகளுக்குள் செலுத்தினால் பெரும்பாலானவை ஒன்றும் செய்வதில்லை, அரிதான ஒரு வகை மட்டும் நோயை மறுபடி தொடங்குகிறது. சிஎம்எல் நோயில் அந்த வகையைத் தேடியவர் கிளாஸ்கோவின் டெஸ்ஸா ஹோலியோக். 1999இல் அவர் காட்டியது, பிலடெல்பியா குரோமோசோமைச் சுமந்தும் பிரியாமல், பெருகாமல், உறங்கும் நிலையில் கிடக்கும் குருத்துச் செல்கள் இந்த நோயாளிகளிடம் உண்டு என்பதை. 2002இல் அதே குழு இமாட்டினிப்பை அந்தச் செல்களின் மேல் சோதித்தது. பெருகும் செல்கள் செத்தன. உறங்கியவை சாகவில்லை.

கோரை முளைத்த நிலத்தில் களையெடுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேலே தெரியும் புல்லை வேரோடு பிடுங்கினதாக நினைப்போம், மண்ணுக்குள் கிழங்கு இருக்கும், அடுத்த மழைக்குத் தலை தூக்கும்.

ஏன் சாகவில்லை? மருந்து அந்தச் செல்லுக்குள் போகவே இல்லையோ என்று முதலில் சந்தேகித்தார்கள். 2011இல் டிரூக்கரின் ஆய்வகத்திலிருந்து வந்த முடிவு அதைவிட ஆழமானது. மருந்து உள்ளே போகிறது, பிசிஆர்-ஏபிஎல்லை அடக்கவும் செய்கிறது. ஆனால் உறங்கும் குருத்துச் செல் உயிர் வாழ அந்தப் புரதத்தை நம்பியிருக்கவில்லை. மஜ்ஜையில் சுற்றியிருக்கும் மற்றச் செல்கள் தரும் சமிக்ஞைகளில் அது பிழைத்துக்கொள்கிறது. இந்த மாத்திரை எந்தத் துல்லியத்துக்காகப் புகழ்பெற்றதோ அந்தத் துல்லியமே இங்கே அதன் எல்லையாகிவிட்டது. இலக்கைச் சரியாகத்தான் அடிக்கிறது. இலக்கு விழுந்தாலும் செல் விழவில்லை. நோயின் சுவடு ரத்தப் பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்த நோயாளிகளிடமும் மஜ்ஜையின் குருத்துச் செல்களில் அந்த ஒட்டு மரபணு மிச்சமிருப்பதை ரவி பாட்டியாவின் குழு அதே ஆண்டில் காட்டியது.

ஆயுள் முழுக்க மாத்திரை என்பதன் காரணம் இதுதான். ஆயுள் முழுக்க என்று ஆனவுடன் அடுத்த கேள்வி விலை. அதற்கான வழக்கு தொடங்கியது சென்னையில்.

1998 ஜூலை 17ஆம் தேதி நோவார்டிஸ் நிறுவனம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் தாக்கல் செய்தது. மூலக்கூறுக்கு அல்ல, அதன் உப்பான இமாட்டினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்கு. ஆல்பா வடிவம் ஊசி ஊசியாக இருக்கும், காற்றின் ஈரத்தை உறிஞ்சும். பீட்டா அதைவிட நிலையானது, மாத்திரை அழுத்த ஏற்றது. அப்போது இந்தியச் சட்டத்தில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது. உலக வர்த்தக ஒப்பந்தத்தால் சட்டம் மாற வேண்டியிருந்ததால், விண்ணப்பங்களை வாங்கி வைத்து 2005க்குப் பிறகு பார்ப்பதாக ஏற்பாடு. இடையில் ஹைதராபாத்தின் நாட்கோ உள்ளிட்ட இந்திய நிறுவனங்கள் அதே மருந்தைத் தயாரித்து விற்கத் தொடங்கியிருந்தன. நோவார்டிஸ் மாத்திரைக்கு மாதம் ஏறக்குறைய 1,20,000 ரூபாய். இந்தியத் தயாரிப்புக்கு எட்டாயிரம் முதல் பத்தாயிரம். 2003 நவம்பரில் நோவார்டிசுக்குத் தனிச் சந்தை உரிமை கிடைத்ததும், அடுத்த ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் சில இந்திய நிறுவனங்களுக்கு இடைக்காலத் தடை விதித்தது. நிறுவனம் ஒரு தொண்டு அமைப்பு வழியாக ஆயிரக்கணக்கான இந்திய நோயாளிகளுக்கு இலவசமாக மருந்து கொடுத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதில் பிழைத்தவர்கள் உண்டு. இருந்தாலும், உயிர் காக்கும் மருந்து இன்னொருவரின் கொடையாக இருப்பதும் கடையில் வாங்கக்கூடிய பொருளாக இருப்பதும் நோயாளிக்கு ஒன்றல்ல என்றே நான் எண்ணுகிறேன். கொடையின் நிபந்தனைகளை எழுதுவது நோயாளி இல்லை.

2005இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டத்தில் 3(டி) என்ற பிரிவு வந்தது. ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளின் புதிய வடிவம், உப்பு, படிகம் போன்றவற்றுக்குக் காப்புரிமை வேண்டுமானால், அது அறியப்பட்ட பொருளைவிட செயல்திறனில் கணிசமாக மேம்பட்டது என்று காட்ட வேண்டும். புற்றுநோயாளிகளுக்கு உதவும் மும்பை அமைப்பான கேன்சர் பேஷண்ட்ஸ் எய்ட் அசோசியேஷனும் இந்திய நிறுவனங்களும் எதிர் மனு கொடுத்தன. 2006 ஜனவரி 25ஆம் தேதி சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது.

நோவார்டிஸ் சட்டப் பிரிவையே எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. செயல்திறன் என்ற சொல் தெளிவில்லாதது, அதிகாரிக்கு அளவில்லாத அதிகாரம் தருகிறது, சமத்துவ உரிமைக்கு விரோதம் என்பது வாதம். 2007 ஆகஸ்ட் 6ஆம் தேதி நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியனும் பிரபா ஸ்ரீதேவனும் அதைத் தள்ளுபடி செய்தார்கள். பிரபா ஸ்ரீதேவனை இலக்கிய வாசகர்கள் வேறு விதமாக அறிவார்கள்: ஆர். சூடாமணியின் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். அந்தத் தீர்ப்பில், மருந்தியலில் செயல்திறன் என்றால் நோயைக் குணப்படுத்தும் திறன் என்று நீதிமன்றம் வகுத்துக் கொடுத்தது பின்னால் மிக முக்கியமாயிற்று. 2009இல் சென்னையில் இருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியமும் காப்புரிமை தர மறுத்தது. வழக்கு டெல்லிக்குப் போனது.

உச்ச நீதிமன்றத்தின் முன் நின்ற முக்கியமான எண் முப்பது விழுக்காடு. எலிகளில் சோதித்தபோது, பீட்டா படிகம் உப்பாக்கப்படாத இமாட்டினிப்பைவிட முப்பது விழுக்காடு கூடுதலாக ரத்தத்தில் கலக்கிறது என்றது நிறுவனம். 2013 ஏப்ரல் 1ஆம் தேதி நீதிபதிகள் அஃப்தாப் ஆலமும் ரஞ்சனா பிரகாஷ் தேசாயும் தீர்ப்பளித்தார்கள். கூடுதலாகக் கலப்பதால் நோய் கூடுதலாகக் குணமாகிறது என்பதற்குச் சான்று வைக்கப்படவில்லை, மெசிலேட் உப்பே சிம்மர்மனின் முந்தைய காப்புரிமை வழியாக அறியப்பட்ட பொருள்தான், ஆகவே காப்புரிமை இல்லை. மாத்திரையின் விலை அதற்குப் பிறகு இன்னும் இறங்கியது. 2015இல் உலக சுகாதார அமைப்பின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இமாட்டினிப் சேர்ந்தது.

புதிய மருந்து கண்டுபிடிப்பவர்களின் ஊக்கம் கெடும் என்று அப்போது பலர் எழுதினார்கள். மூலக்கூறைக் கண்டுபிடித்த உழைப்புக்கு மரியாதை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. இந்த வழக்கு அந்த உழைப்பைப் பற்றியதல்ல, அதன் படிக வடிவத்தை வைத்துக் காலத்தை நீட்டிக்கொள்வது பற்றியது. ஐந்து நாள் மருந்தாக இருந்தால் விலை ஒரு முறை அடி. நிறுத்தவே முடியாத மருந்துக்கு விலை ஒவ்வொரு மாதமும் வரும். காப்புரிமை கிடைத்திருந்தால், உறங்கும் செல்லை மருந்தால் கொல்ல முடியவில்லை என்ற உயிரியல் உண்மையின் முழுக் கட்டணமும் குடும்பத்தின் தலையில்தான் விழுந்திருக்கும்.

விலை இறங்கிய பின்னும் மாத்திரை தினமும் வாய்க்குள் போக வேண்டும். ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறக்குறைய 18 மணி நேரம் ஆகும், ஆகவேதான் நாளுக்கு ஒன்று. லண்டனில் மாத்திரைக் குப்பி மூடியில் மின்னணுக் கருவி பொருத்தி ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பதுக்கு மேல் ஒழுங்காக எடுத்தவர்களில் 94 விழுக்காட்டினருக்கு நோய் ஆழமாக அடங்கியது. அதற்குக் கீழே போனவர்களில் 28 விழுக்காட்டினருக்குத்தான். மாதத்தில் மூன்று நான்கு நாள் தவறவிட்டாலே இந்தப் பள்ளம். தவறவிடுபவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. காரிமங்கலத்திலிருந்து வேலூருக்குப் போய் வருவது ஒரு முழு நாள். ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும். மாங்காய் பறிப்பு நாளிலோ தக்காளி விலை ஏறிய வாரத்திலோ மருத்துவமனைத் தேதி வந்தால் தள்ளிப்போகும். உடம்பில் ஒரு நோவும் இல்லாத மனிதர், கால் பிடிக்கிற மாத்திரையை இரண்டு நாள் விட்டுப் பார்க்கலாமே என்று நினைப்பது இயல்பு. உறங்கும் செல்லைப் பற்றி அவருக்கு யாரும் பொறுமையாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்ல வேண்டியது மருத்துவத்தின் கடமை, அதைத் தமிழில் சொல்ல முடியாது என்பதை நான் ஏற்கவில்லை.

நிறுத்தவே முடியாதா என்ற கேள்விக்கு பிரான்சிலிருந்து ஒரு விடை வந்தது. போர்டோவின் பிரான்சுவா-சேவியர் மாஓன் குழுவினர், இரண்டு ஆண்டுக்கு மேல் பரிசோதனையில் நோயின் சுவடே தெரியாத 100 பேரின் மாத்திரையை நிறுத்திப் பார்த்தார்கள். ஓராண்டு கண்காணிப்பு முடிந்த 69 பேரில் 42 பேருக்கு நோய் திரும்பியது, பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள். மாத்திரையை மறுபடி தொடங்கியதும் அடங்கியது. மற்றவர்கள் மருந்தில்லாமல் இருந்தார்கள். வியப்பு அவர்களிடம்தான். அப்படி நிறுத்திவிட்டு நலமாக இருப்பவர்களின் டிஎன்ஏவிலும் அந்த ஒட்டு மரபணு மிச்சமிருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டார்கள். கிழங்கு மண்ணில்தான் இருக்கிறது, முளைக்கவில்லை. உடம்பின் எதிர்ப்புச் செல்கள் காவல் இருக்கின்றன என்பது இப்போதைய விளக்கம்.

நிறுத்துவதற்கு நிபந்தனை கடுமையானது. குறைந்தது மூன்று ஆண்டு சிகிச்சை, அதில் இரண்டு ஆண்டாவது நோய் தொடக்க அளவின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருந்திருக்க வேண்டும். நிறுத்திய பின் முதல் ஆறு மாதம் மாதந்தோறும் ஒட்டு மரபணுவின் அளவைக் காட்டும் பிசிஆர் (PCR) பரிசோதனை, அதுவும் சர்வதேச அளவுகோலில் முடிவு தரும் ஆய்வகத்தில். மாத்திரை மலிவாகிவிட்ட நாட்டில் பரிசோதனை மலிவாகவில்லை. நன்றாக அடங்கிய நோயாளி ஒருவர் மருந்தை நிறுத்தத் தகுதி பெற்றும், சோதனைக்கு மாதாமாதம் போய்வர வழியில்லாததால் மாத்திரையைத் தொடர வேண்டியிருக்கும். இது என்னை மிகவும் உறுத்துகிறது.

உறங்கும் செல்லையே குறிவைக்கும் லிகண்டுகளைத் தேடும் முயற்சி ஒரு பக்கம் நடக்கிறது. அதில் ஒன்று நம் ஊர் மருந்துக் கடைகளில் நன்கு தெரிந்த பெயர்: பியோகிளிட்டசோன், சர்க்கரை நோய் மாத்திரை. செல்லின் உட்கருவில் இருக்கும் பிபிஏஆர்-காமா என்ற புரதத்தைப் பற்றும் லிகண்ட் அது. 2013 ஜூனில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அச்சத்தால் இந்தியாவில் விற்பனை நிறுத்தப்பட்டு, அடுத்த மாதமே எச்சரிக்கைக் குறிப்போடு மறுபடி அனுமதிக்கப்பட்டது. 2015இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், அந்த மருந்து குருத்துச் செல்லை உறக்கத்தில் வைத்திருக்கும் புரதங்களைக் குறைத்து உறக்கத்தைக் கலைக்கிறது என்று காட்டினார்கள். விழித்துப் பெருகத் தொடங்கிய செல்லை இமாட்டினிப் பிடித்துக்கொள்ளும். பிறகு 24 பேரிடம் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது ஓராண்டில் 56 விழுக்காட்டினருக்கு மிக ஆழமான அடக்கம் வந்தது. எண்ணிக்கை சிறியது, வழக்கமான சிகிச்சையாக இது இன்னும் ஆகவில்லை. சர்க்கரை மாத்திரைதானே என்று யாரும் தாமாகச் சேர்த்து விழுங்கிவிடக் கூடாது. கிளாஸ்கோவில் ஹோலியோக்கின் குழு, 2017இல் அவர் மறைவதற்கு முந்தைய ஆண்டில், பி53, மிக் என்ற இரண்டு புரதங்களை ஒரே நேரத்தில் சிறு மூலக்கூறுகளால் தாக்கினால் குருத்துச் செல்கள் குறிப்பாக அழிகின்றன என்று வெளியிட்டது. அதுவும் இன்னும் நோயாளியின் கைக்கு வரவில்லை.

கைக்கு வந்திருப்பது அசிமினிப். ஏபிஎல் புரதத்தில் ஏடிபி குழிவுக்கு எதிர்ப்புறத்தில் இன்னொரு சிறு குழிவு இருப்பதை 2003இல் குரியனின் ஆய்வகமும் ஐரோப்பிய ஆய்வாளர்களும் கண்டார்கள். இயல்பான ஏபிஎல்லில் ஒரு கொழுப்பு அமில வால் அதற்குள் மடங்கிப் புரதத்தை அடக்கி வைக்கும். ஒட்டுப் புரதத்தில் அந்த வால் அறுந்துபோயிருக்கிறது. வால் இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்காரும் லிகண்டாக நோவார்டிஸ் உருவாக்கியதே அசிமினிப், 2021 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. புதிய நோயாளிகளிடம் நடந்த சோதனையில் 48 வாரத்தில் நல்ல அடக்கம் பெற்றவர்கள் 67.7 விழுக்காடு. இமாட்டினிப் போன்ற பழைய மருந்துகளை எடுத்தவர்களில் 49 விழுக்காடு. ஆனால் இதுவும் பிசிஆர்-ஏபிஎல்லைத்தான் அடக்குகிறது. உறங்கும் குருத்துச் செல் அந்தப் புரதத்தை நம்பியிருக்கவில்லை என்ற 2011இன் முடிவு இதற்கும் பொருந்தும். பழைய மருந்தைவிட அதிகம் பேரை மாத்திரை நிறுத்தும் நிலைக்கு இது கொண்டுவருமா என்பதே இப்போது சோதனைகள் தேடும் விடை.

காரிமங்கலத்து நோயாளிக்கு இன்று உடனடியாக வேண்டியது இதைவிட எளிமையானது. மாதாமாதம் மாவட்டத் தலைநகரின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை அங்கேயே எடுத்து நல்ல ஆய்வகத்துக்கு அனுப்பப்படும் ஒரு குழாய் ரத்தம், அந்த எண்ணை அவர் மொழியில் விளக்கிச் சொல்ல ஓர் ஆள். இவற்றுக்குப் புது மூலக்கூறு எதுவும் வேண்டாம்.